ஒரே புத்தகத்துக்கு இரண்டு பெயர்

ஜூன் 9, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. ஜனவரியில் இரண்டு பக்கம் உப்பில்லாத சமையல் குறிப்பு எழுதியதோடு சரி. இன்றிலிருந்து வேறு உபயோகம். ஆபீஸில் நவநீதன் வேலையை விட்டுப் போய்விட்டான். அவன் தலையில் இருந்ததெல்லாம் இனி என் தலையில் இருக்க வேண்டுமாம். அத்தனைக்கும் என் தலையில் இடம் கிடையாது, எழுதி வைத்தால்தான் உண்டு.

எங்கள் டிரஸ்டுக்கு ஈரோடு, பவானி, கோபி, சத்தி என்று நான்கு ஊரில் டயாலிசிஸ் சென்டர். ஒவ்வொரு சென்டருக்கும் ஒரு எக்செல் புத்தகம். நோயாளி பெயர், வயது, வேறு என்ன நோய், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் எல்லாம் அதில் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான்கையும் சேர்த்துப் பார்த்து, யாருக்கு எந்த நாற்காலி, எந்த ஷிப்ட் என்று பட்டியல் போட வேண்டும். நவநீதன் இதற்கு ஒரு மேக்ரோ எழுதியிருந்தான். ஒரு பொத்தானை அமுக்கினால் நான்கு புத்தகமும் தானாகத் திறந்து, மார்க் போட்டு, பட்டியல் வந்து விழும். பெங்களூரில் வேலை கிடைத்து, எனக்கு ஒரு லட்டும் இந்த மேக்ரோவும் கொடுத்துவிட்டுப் போனான்.

இன்று பொத்தானை அமுக்கினேன். விழுந்தது மேக்ரோதான். கோபிக்காரர்கள் தங்கள் புத்தகத்தின் பெயரை மாற்றிவிட்டார்களாம். நிர்வாகி பிலோமினா மேடம் வந்து, "பூங்கொடி, நீங்க பாத்துக்கறீங்களா?" என்றார். கேள்வி மாதிரிதான் இருக்கும், ஆனால் கேள்வி இல்லை. நான் படித்தது அந்தக் காலத்து பி.காம். எங்கள் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவுக்குச் சிறுநீரகம் போய், வாரத்தில் மூன்று நாள் அவரோடு இந்தச் சென்டரிலேயே கிடந்தேன். சும்மா கிடப்பதைப் பார்த்து உட்கார வைத்து வேலை கொடுத்துவிட்டார்கள். அப்படி வந்தவள் நான்.

ஜூன் 11, புதன்

கற்றது: மேக்ரோவில் ஒரு புத்தகத்தைத் திறந்தால் அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். ஈரோடு என்று வைத்தால், அப்புறம் ஈரோடு என்று கூப்பிட்டால் போதும், அந்தப் புத்தகம் வரும். எண்ணுக்கும் எழுத்துக்கும் பெயரை எழுதிச் சமக்குறி போட்டால் முடிந்தது. புத்தகத்துக்கு மட்டும் முன்னால் செட் என்று ஒரு வார்த்தை எழுத வேண்டும். நான் எழுதவில்லை. அதற்கு அந்தச் சனியன் மஞ்சள் கோடு போட்டு, தொண்ணூற்றொன்றாம் நம்பர் பிழை என்று காலையிலிருந்து என்னை வறுத்தெடுத்தது.

கடைசியில் நவநீதனுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, செட் போட்டீங்களா?"

"அதென்ன கண்ணு, டீ செட்டா?"

"பேரை எழுதி வச்சீங்க. ஆளு மேல ஒட்டலீங்க்கா. கூப்பிட்டா யாரு வருவா?"

ஒட்டினேன், வந்தது. இதற்குப் போய் ஒரு நாள் போயிற்று. அந்தக் கோபத்தில் வீட்டில் ரசம் கொதித்துப் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. இவர் துணியை எடுத்து வந்து துடைத்துக் கொடுத்தார்.

ஜூன் 12, வியாழன்

செவ்வாய், வியாழன், சனி இவருக்கு டயாலிசிஸ். மூன்றாவது ஷிப்ட், சாயங்காலம் நாலு மணிக்கு ஏற்றினால் எட்டு மணிக்கு இறக்குவார்கள். பகலெல்லாம் உடம்பில் தண்ணீர் சேர்ந்து மூச்சு வாங்கும். முடித்து வந்தால் எழுந்து நிற்கத் தெம்பிருக்காது. சாப்பிட்டால் வாந்தி, சாப்பிடாவிட்டால் தலைசுற்றல். மறுநாள் பாதிப்பொழுது தூங்கியே போகும். காலை ஷிப்டில் இருப்பவர்கள் பதினோரு மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போய் ஒரு தூக்கம் போட்டுவிட்டு, சாயங்காலம் மனிதர் மாதிரி நடமாடுகிறார்கள். காலை ஷிப்டுக்கு எல்லோரும் அடித்துக்கொள்வது அதனால்தான்.

அர்த்தநாரி இன்றும் சத்தம் போட்டார். அம்மாபேட்டைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு ஊர். பவானி சென்டரில் மிஷின் போதாமல் ஈரோட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவருக்கும் மூன்றாவது ஷிப்ட். முடித்து இறங்குவதற்குள் ஊருக்குக் கடைசி பஸ் போய்விடுகிறதாம். பஸ் ஸ்டாண்டிலேயே படுத்துவிட்டு விடிந்துதான் போகிறாராம். பாவம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதை வாரத்தில் மூன்று முறை என் மேஜையைத் தட்டியா சொல்ல வேண்டும்? தறிக்காரர் வேறு, அந்தச் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகிய தொண்டை. ஜெயசீலி சிஸ்டர்தான் வந்து அதட்டிக் கூட்டிப்போனார்.

ஜூன் 13, வெள்ளி

இன்று என்னை நானே மெச்சிக்கொள்ளலாம்.

நான்கு புத்தகமும் திறக்கின்றன, நான்குக்கும் பெயர் ஒட்டியாயிற்று. மார்க் போடும் இடம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அசல் புத்தகத்தில் கை வைக்கப் பயம். அதனால் "செட் பயிற்சி = ஈரோடு" என்று ஒரு வரி எழுதி, ஈரோட்டுப் புத்தகத்துக்குப் பயிற்சி என்று ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன். இனி அதில் என்ன கூத்தடித்தாலும் அசலுக்கு ஒன்றும் ஆகாது. நவநீதனைக் கேட்காமல் நானே யோசித்துச் செய்தது.

தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குக் காலை ஷிப்டில் முன்னுரிமை, அதனால் தூரம் கூடினால் மார்க் கூட வேண்டும். யார் வரியில் மாற்றிப் பார்ப்பது? அடுத்த வீட்டு ஆளை எதற்கு என்று இவர் வரியிலேயே, நான்கு கிலோமீட்டர் என்று இருந்ததை அழித்துவிட்டு 62 என்று தட்டினேன். இவர் வயது அது, கைக்கு முதலில் வந்தது. பொத்தானை அமுக்கினேன். எங்கோ அடியில் கிடந்தவர் மேலே வந்து உட்கார்ந்தார். எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன். மூடும்போது சேமிக்கவா என்று கேட்டது. பயிற்சிதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று சரி சொன்னேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஓடியது. தடங்கலே இல்லாமல் நான்கு புத்தகமும் திறந்து மூடி, ஜூலை முதல் செப்டம்பர் வரைக்குமான பட்டியல் வந்துவிட்டது. மேடம் தோளில் தட்டினார். டிரஸ்ட் கமிட்டிக்கு அனுப்பியாயிற்று.

அச்சடித்த பட்டியலில் பெயர், நாற்காலி, ஷிப்ட், இவ்வளவுதான் இருக்கும். ஈரோட்டில் இந்த முறை காலியான காலை நாற்காலி ஒன்றே ஒன்று. அதில் இவர் பெயர். இரண்டு முறை படித்தேன். வயது, சர்க்கரை, பிரஷர் எல்லாம் சேர்ந்து மார்க் ஏறியிருக்கும்.

ஜூன் 20, வெள்ளி

கமிட்டி கையெழுத்துப் போட்டுவிட்டது, அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டோம். இவரிடம் சொன்னேன். சிரித்தார். "நெசமாவா அம்மிணி?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷம்தான் போலிருக்கிறது.

ஜூன் 21, சனி

அர்த்தநாரி பலகை முன்னால் நின்று கத்தினார். அவருக்கு மறுபடியும் மூன்றாவது ஷிப்ட். யாருக்கு வேண்டியவர்களோ அவர்களுக்குத்தான் காலையில் கிடைக்கும் என்றார். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. இது கம்ப்யூட்டர் போட்ட பட்டியல், இதில் யார் கையும் கிடையாது, என் கை உட்பட, என்று நானும் கத்தினேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

ஜூலை 1, செவ்வாய்

காலை ஷிப்ட். உச்சி வெயிலுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டார். இட்லி சாப்பிட்டார், வாந்தி இல்லை. தூங்கி எழுந்து, சாயங்காலம் வாசல் வரை போய் நின்று தெருவைப் பார்த்தார்.

ஜூலை 5, சனி

இரண்டு வருடமாக இந்த மனிதரை நான் நோயாளியாகத்தான் பார்த்தேன் என்பது இந்த வாரம்தான் புரிந்தது. இன்று சாயங்காலம் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு லாரி ஸ்டாண்டுக்குப் போய்ப் பழைய கூட்டாளிகளோடு உட்கார்ந்துவிட்டு வந்தார். வரும்போது எனக்கு மல்லிகை. "எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டதற்கு, "வாங்கோணும்னு தோணுச்சு" என்றார். ஐம்பத்தொரு வயதில் எனக்கு வெட்கம் வந்தது. டைரி என்பதால் எழுதுகிறேன்.

ஜூலை 9, புதன்

சத்தியில் புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். அவரைச் சேர்க்கப் புத்தகங்களைத் திறந்தேன். ஈரோட்டுப் புத்தகத்தில் ஏதோ ஒன்று கண்ணில் பட்டது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவிட்டேன். கண்ணாடி பவர் மாற்ற வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

புடலங்காய்க் கூட்டு. துணி துவைத்தேன். வேறு ஒன்றும் இல்லை.

ஜூலை 14, திங்கள்

நவநீதனுக்குப் போன் செய்து பெங்களூர் சாப்பாடு, அம்மா உடம்பு எல்லாம் விசாரித்தேன். போகிற போக்கில், தெரிந்த பெண் ஒருத்திக்கு ஒரு சந்தேகம் என்று கேட்டேன். ஒரு புத்தகத்துக்கு ஈரோடு என்று பெயர் வைத்துவிட்டு, அப்புறம் செட் பயிற்சி = ஈரோடு என்று எழுதினால் இன்னொரு பிரதி வந்துவிடும் அல்லவா?

"வராதுங்க்கா. புத்தகம் ஒண்ணுதான். பேருதான் ரெண்டு. உங்களை வீட்டுல பூங்கொடின்னு கூப்பிடறாங்க, நான் அக்காங்கறேன். அதுக்காக நீங்க ரெண்டு பேரா?"

"அப்ப பயிற்சில ஒண்ணு மாத்துனா?"

"ஈரோட்டுலயும் மாறிருக்கும். அதுவேதானே இது. பிரதி வேணும்னா வேற பேருல சேமிக்கோணும். எல்லாரும் மொத மொதல்ல இதுல ஒருக்கா விழுவாங்க, பயப்பட வேண்டாம்னு அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

எழுதித்தான் ஆக வேண்டும். ஈரோட்டுப் புத்தகத்தில், நாச்சிமுத்து வரியில், தூரம் 62 என்று இருக்கிறது. நான் தட்டியது. எங்கள் வீடு ஈரோட்டுக்குள்ளேயே, கருங்கல்பாளையத்தில் இருக்கிறது.

இன்று ஒழுங்காக வேறு பெயரில் சேமித்து ஒரு பிரதி எடுத்தேன். அதில் 62 ஐ அழித்து 4 போட்டேன். பொத்தானை அமுக்கினேன். இவர் கீழே போனார். அந்தக் காலை நாற்காலியில் வந்து உட்கார்ந்த பெயர் அர்த்தநாரி.

சேமிக்காமல் மூடிவிட்டேன்.

அக்டோபரில் புதுப் பட்டியல் போடும்போது சரியான தூரத்தைப் போட்டால் எல்லாம் தானாக நேராகிவிடும். யார் பொருளையும் நான் பிடுங்கவில்லை. தெரிந்து செய்யவும் இல்லை. அந்த மனிதர் சத்தம் போடுகிறவர், எந்த ஷிப்ட் கொடுத்தாலும் போடுவார். கமிட்டி கையெழுத்துப் போட்ட பட்டியலை நான் மாற்றுவதற்கு நான் யார்?

சாயங்காலம் இவர் தேங்காய் துருவிக் கொடுத்தார்.

ஜூலை 17, வியாழன்

அர்த்தநாரி மூன்று மணிக்கே வந்துவிட்டார். மேஜையைத் தட்டவில்லை. சன்னமான குரலில், சீக்கிரம் ஏற்றிவிடச் சொல்ல முடியுமா என்று கேட்டார். முன் ஷிப்ட் ஆள் இறங்கினால்தானே அவரை ஏற்ற முடியும்? முடியாது என்றேன்.

ஜெயசீலி சிஸ்டரிடம் விசாரித்தேன். பத்து நாளாக அவர் முழு நேரமும் இருப்பதில்லையாம். பஸ் ஸ்டாண்டில் படுக்கவிடாமல் விரட்டுகிறார்களாம். அதனால் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று ஒரு மணி நேரம் முன்னாலேயே ஊசியைக் கழற்றச் சொல்லி, தன் பொறுப்பில் போகிறேன் என்று கைநாட்டு வைத்துவிட்டுப் போகிறாராம். "தண்ணி பூரா உடம்புலயே நிக்குது. கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கு. நான் சொன்னா கேக்குறாரா?" என்று சிஸ்டர் என்னிடம் கோபப்பட்டார்.

நான் கிளம்பும்போது அர்த்தநாரி நாற்காலியில் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நிமிர்ந்தார்.

"அன்னிக்குக் கத்திப் போட்டனுங்க அம்மிணி. மனசுல வச்சுக்காதீங்க. மிஷினு போட்டதுன்னா அப்பறம் யாரைப் போய் நோவறது?"

பரவாயில்லை என்றேன். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டேன், அப்புறம்தான் தெரிந்தது.

ஜூலை 18, வெள்ளி

தலைவலி என்று லீவு போட்டேன். தலைவலி இல்லை. பீரோவை ஒழித்தேன், பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்தேன், மாடிப்படியைக் கழுவினேன். இவர் வந்து, "யாரு மேல காந்தல்?" என்று கேட்டார். உங்கள் மேலேதான் என்று எரிந்து விழுந்தேன். பாவம், விளக்குமாற்றை வாங்கிக் கூட்டிவிட்டுப் போனார்.

இவர் இப்போது நன்றாக நடக்கிறார். முகத்தில் இருந்த கருப்பு குறைந்திருக்கிறது. சிரித்தால் பழைய ஆளாகவே தெரிகிறார். இதை எழுதி வைக்கிறேன், யாராவது கேட்டால் காட்டுவதற்கு. யார் கேட்கப்போகிறார்கள்?

ஜூலை 19, சனி

அர்த்தநாரியை ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். பஸ்ஸில் வரும்போதே மூச்சு முட்டியிருக்கிறது. நுரையீரலில் தண்ணீர். ஆக்சிஜன் வைத்து, இருந்த ஆளை இறக்கிவிட்டு அவரை உடனே ஏற்றினார்கள். டாக்டர் வந்து நின்றுகொண்டே இருந்தார். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. குரலே எழாத அர்த்தநாரியை நான் பார்த்ததே இல்லை. மேஜையைத் தட்டிக் கத்தினால் தேவலை என்று இருந்தது.

பிழைத்துக்கொண்டார். சாயங்காலம் வார்டுக்கு மாற்றினார்கள்.

ஜூலை 21, திங்கள்

மேடத்தின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். 62 ஐச் சொன்னேன். எப்போது தெரியும் என்று கேட்டார். ஒன்பதாம் தேதி கண்ணில் பட்டதையும், பதினைந்தாம் தேதி போட்டுப் பார்த்துவிட்டு மூடியதையும் சொன்னேன். எதிர்பார்த்தபடி திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் எழுந்து வந்து எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

கமிட்டிக்கு எழுதித்தான் மாற்ற முடியும், எழுதினால் என் பெயர் வரும், வேலைக்கே கேள்வி வரலாம் என்றார். அர்த்தநாரிக்கு வேறு ஏதாவது வழி செய்ய முடியுமா என்று விரலால் மேஜையில் கோடு போட்டுக்கொண்டே யோசித்தார். வேறு வழி இல்லை. காலையில் இருப்பது அந்த ஒரு நாற்காலிதான்.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

இல்லை.

"மொதல்ல அவர்கிட்ட சொல்லுங்க. அவரோட ஷிப்ட் இது. நாளைக்கு வந்து என்ன செய்யணும்னு சொல்லுங்க, அதுபடி எழுதறேன்."

வீட்டுக்கு வந்தேன். இவர் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். செட், பயிற்சி, ஈரோடு, ஒரே புத்தகத்துக்கு இரண்டு பெயர் என்று என்னென்னவோ சொன்னேன். இவருக்கு எக்செலும் தெரியாது, மேக்ரோவும் தெரியாது. நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டார். முழுசும் நறுக்கி முடித்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தார்.

"நம்மூட்டுக்கும் சென்டருக்கும் நடுவால நாலு சிக்னல். வெளியூர்க்காரன் அத்தன பேரு இருக்கறப்ப எனக்கு எப்படிக் காலைல வந்துச்சுன்னு அன்னிக்கே நெனச்சேன் அம்மிணி."

"அப்பறம் ஏனுங்க மாமா கேக்கல?"

"கேட்டாப் போயிருமேன்னுதான்."

அவருக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நானும் அதற்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று சொன்னேன். இரண்டு பேரும் வெண்டைக்காயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அழுதது நான் மட்டும் இல்லை.

"நாளைக்குப் போயி மாத்திக் குடுத்துரு" என்றார். "அந்தாளு சத்தக்காரன், ஆனா பக்கத்து நாற்காலில இருந்தவன். அவனுக்கு ஊசி குத்தறப்பெல்லாம் என்ர பக்கம்தான் திரும்பிக்குவான்."

ஜூலை 22, செவ்வாய்

இவருக்குக் கடைசிக் காலை ஷிப்ட். மேடம் கமிட்டிக்கு எழுதினார். எனக்கு விளக்கம் கேட்டுத் தாள் வந்திருக்கிறது, பதில் எழுத வேண்டும். இனிமேல் பட்டியலை இரண்டாவது ஆள் ஒருவர் தூரத்தோடு சரிபார்த்த பிறகுதான் ஒட்டுவார்கள். எனக்கும் அது நல்லதுதான். மேக்ரோவில் அந்தப் பயிற்சி வரியை நீக்கிவிட்டேன்.

மத்தியானம் வார்டுக்குப் போய் அர்த்தநாரியிடம் நானே சொன்னேன். பிழை என் கையால் நடந்தது, மிஷின் மேல் குற்றமில்லை என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், தெரிந்த பிறகு பேசாமல் இருந்ததையும்.

"என்ர ஊட்டுக்காரி மட்டும் அந்த வேலைல இருந்தா, அவளும் வாயத் தொறந்திருக்க மாட்டாளுங்க" என்றார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மன்னித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை.

ஜூலை 25, வெள்ளி

நேற்று அர்த்தநாரிக்கு முதல் காலை ஷிப்ட். வார்டிலிருந்து நடந்தே வந்தாராம். நான் ஆபீஸுக்குள் நுழையும்போதே அவர் குரல் கேட்டது. இந்நேரத்துக்கு வரச்சொன்னால் டீக்கடை கூடத் திறந்திருக்காது, வெறும் வயிற்றில் ஊசி குத்தினால் மனுஷன் என்னாவது என்று ஜெயசீலி சிஸ்டரோடு சண்டை. சிஸ்டர் அதட்டுவதும் கேட்டது. என் மேஜையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

நாலு மணிக்கு இவரை ஏற்றினார்கள். இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நாலு சிக்னலும் சிவப்பு. வீட்டில் இரண்டு வாய் மோர்சாதம் போனது, அப்படியே வெளியே வந்தது. வாயைக் கழுவி, சட்டையை மாற்றிப் படுக்க வைத்தேன்.

கண்ணைத் திறக்காமலே கேட்டார், "அவன் முழுசா இருந்தானா?"

"நாலு மணி நேரமும் இருந்தாரு."

"அப்பச் சரி."

இவர் தூங்கிவிட்டார். நான் சாமி விளக்கு முன்னால் போய் நின்றேன். அர்த்தநாரிக்குக் கால் வீக்கம் வடிய வேண்டும், நல்லபடியாக ஊர் போய் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். மனசார வேண்டிக்கொண்டேன், பொய் இல்லை. அடுத்து, அக்டோபரில் இன்னும் ஒரே ஒரு காலை நாற்காலியாவது காலியாக வேண்டும் என்று வேண்ட வாயெடுத்தேன். காலை ஷிப்ட் கிடைத்தவர்கள் யாரும் தானாக அதை விட்டுப் போவதில்லை. நாற்காலி எப்படிக் காலியாகும் என்று எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். பாதியிலேயே நிறுத்திவிட்டு, திருநீற்றை எடுத்துக்கொண்டு வந்து இவர் நெற்றியில் பூசினேன்.